தராசில் ஏறாத பெயர்

தெற்குத் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் மண்ணைக் கிளறியவர்களுக்கு மணிகளும் முத்திரைகளும் ஏராளமாகக் கிடைத்தன. அவற்றோடு ஒரு சிறு கல்லும் கிடைத்தது. பொன்னின் மாற்றுப் பார்க்கும் அந்த உரைகல்லில் தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது கல்வெட்டறிஞர் கணிப்பு. கடல் கடந்து இந்தத் தீபகற்பத்துக்கு வந்த ஒரு தமிழ்ப் பொற்கொல்லர் தம் கருவியில் தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். கல் தொலைந்தால் யாருடையது என்று தெரிய வேண்டுமே. அவர் செய்த நகை எதிலாவது அந்தப் பெயர் இருந்ததா என்றால், அந்த வழக்கமே தமிழரிடம் வேரூன்றவில்லை. நகை வாங்கியவருக்குச் சொந்தம், பொன் கொடுத்தவருக்குச் சொந்தம். செய்தவருக்குச் சொந்தம் கருவி மட்டும். இந்த ஏற்பாடு அதன்பின் பதினாறு நூற்றாண்டுகள் பெரிதாக மாறவில்லை என்பதுதான் வியப்பு.

இன்று கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் 'நகை வடிவமைப்பாளர்' என்ற அறிமுகத்தோடு தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பட்டுநூல் சுற்றிய வளையல், சுடுமண் தோடு, பித்தளைத் தகட்டை அடித்துச் செய்த அட்டிகை, வெள்ளிக் கம்பியில் கோத்த மணிமாலை என்று கையால் செய்து சொந்தப் பெயரிலேயே விற்கிறார்கள். தீபாவளிச் சந்தைகளில் அவர்களின் மேசையைச் சுற்றி இளம்பெண்கள் கூட்டம் நிற்கிறது. இதை நம் சமூகத்தில் புதிதாக முளைத்த கலை என்று பாராட்டுவோர் ஒரு பாகுபாட்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்: அந்தக் காலத்து ஆசாரி வேலை செய்தார், இந்தக் காலத்துப் பெண் வடிவமைக்கிறார். பாராட்டு சரி, பாகுபாடு தவறு. கிள்ளான் பள்ளத்தாக்கில் நகைக்கு உருவம் யோசித்தவர் நூறாண்டுக்கு மேலாக இருந்திருக்கிறார். அவர் பெயர் வெளியே வராமல் போனதற்குக் காரணம் கற்பனைக் குறைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. நகைக்கு விலை போடும் முறைதான் காரணம் என்று சொல்ல ஆதாரம் உண்டு.

மலேசியாவில் பொற்கொல்லர் வரலாற்றை மலாக்காவில் தொடங்க வேண்டும். அங்கே ஜாலான் துக்காங் எமாஸ் என்று ஒரு தெரு; பொற்கொல்லர் தெரு என்பதே பொருள். அதை ஒட்டி இரும்புக்கொல்லர் பெயரில் இன்னொரு தெரு. இன்றும் வழிபாடு நடக்கும் மலேசிய இந்துக் கோயில்களில் மிகப் பழையதான ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம், டச்சுக்காரர் மலாக்காச் செட்டிகளுக்குக் கொடுத்த நிலத்தில் 1781இல் எழுந்தது. அது நிற்பதும் இந்தப் பொற்கொல்லர் தெருவில்தான். தொழிலும் தெய்வமும் ஒரே வீதியில் அமர்ந்த பழைய துறைமுக ஊர் அது. கோலாலம்பூர் அப்படி வளரவில்லை. 1857இல் ஈயம் தோண்ட வந்தவர்களின் கொட்டகைகளாகத் தொடங்கி, 1880இல் கிள்ளானிடமிருந்து தலைநகர்ப் பட்டத்தை வாங்கி, 1886இல் கிள்ளான் பக்கம் இரயில் பாதை போட்டு, செங்கல் சூளைகள் இருந்த இடத்தை பிரிக்ஃபீல்ட்ஸ் ஆக்கி அங்கே இரயில்வே ஊழியரைக் குடியேற்றி, அவசர அவசரமாக ஊரானது. வாடிக்கையாளர் எங்கே சேர்ந்தாரோ அங்கே பொற்கொல்லரான பத்தரும் போய் உட்கார்ந்தார். மாரியம்மன் கோயில் சுற்றுவட்டாரம், செட்டியார்களின் லெபோ அம்பாங், மஸ்ஜித் இந்தியா, பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளானில் இன்று ஜாலான் தெங்கு கிளானா என்று வழங்கும் வீதி என இன்றும் தமிழர் நகைக்கடைகள் நிற்கும் இடங்கள் இந்தப் பழைய வரைபடத்தையே பின்பற்றுகின்றன.

பத்தர் ஒப்பந்தக் கூலியாகவோ கங்காணியின் பின்னாலோ வந்தவர் அல்லர். கப்பல் கட்டணத்தைத் தாமே கட்டி, பெரும்பாலும் மாமன் மச்சான் என்று சொந்தக்காரர் அழைத்து வந்தவர். தோட்டத் தொழிலாளர் குடியேற்றம் பற்றிக் காலனி அரசு மலைபோல் காகிதம் குவித்தது, ரப்பருக்கும் இரயிலுக்கும் ஆள் வேண்டும் என்பதற்காக. கைத்தொழிலாளர் அந்தக் கணக்கில் 'மற்றோர்'. வரலாற்றாசிரியர்களும் காகிதம் இருந்த பக்கமே போனார்கள். ஆகவே இந்தத் தொழிலைப் பற்றி எழுதுகிறவர் ஆவணத்தைவிட நகையையும் பட்டறையையும் விலைச்சீட்டையும் நம்பியாக வேண்டியிருக்கிறது.

விலைச்சீட்டில் இருந்தே தொடங்கலாம். அதில் பொன்னின் எடை, அன்றைய விலை, செய்கூலி, சேதாரம் என்று நான்கு விவரங்கள். மலேசியக் கடைகளில் செய்கூலியை 'உப்பா' என்ற மலாய்ச் சொல்லாலும் எழுதுவார்கள். வடிவத்துக்கு இந்தச் சீட்டில் இடமே கிடையாது. யோசித்த நேரம், காகிதத்திலோ சிலேட்டிலோ போட்டுக் காட்டிய கோடு, வாடிக்கையாளரோடு வாதாடி மாற்றிய வளைவு எல்லாம் செய்கூலிக்குள் அடங்க வேண்டும். செய்கூலியோ ஊர் வழக்கத்தால் கட்டுப்பட்டது. பக்கத்துக் கடையைவிடக் கூடுதலாகக் கேட்டால் வாடிக்கையாளர் படியிறங்கிவிடுவார். அதனால் நுணுக்க வேலைக்கு உரிய கூலியின் ஒரு பகுதி சேதாரத்துக்குள் நுழைந்தது. வேலைப்பாடு கூடினால் சேதாரமும் கூடும் என்று கடைக்காரர் சொல்வதில் தொழில்நுட்ப உண்மை உண்டு. பொன்னை மூசையில் உருக்கிக் கட்டியாக்கி, அடித்துத் தகடாக்கி, கம்பியச்சில் இழுத்து மெலிதாக்கி, வெட்டி, வெண்காரமும் பற்றுப்பொடியும் வைத்து ஊதுகுழலால் ஊதி ஒட்டி, அரத்தால் ராவி, மெருகேற்றும்வரை ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் பொன் குறையும். ராவிய தூளைப் பொறுக்கினாலும் தரையிலும் நெருப்பிலும் போனது முழுதாகத் திரும்பாது. பட்டறைக் குப்பையையே விலைக்கு வாங்கி அரித்துப் பொன் எடுக்கும் தொழில் இருந்தது என்றால் கணக்கு புரியும். ஆனால் உண்மையான இழப்பு எவ்வளவு, அதன் பெயரில் ஏறிய கலைக்கூலி எவ்வளவு என்று வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் சந்தேகம் வளரும். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் தொடங்கி நம் பழமொழிகள்வரை தட்டாரைத் திருடர் வரிசையில் நிறுத்தியதற்கு இந்த இருட்டும் ஒரு காரணம். தன் திறமைக்கு வெளிப்படையாகக் கூலி கேட்க வழியில்லாதவர் மறைமுகமாக எடுத்துக்கொண்டார். அதற்குத் திருட்டு என்று பெயர் வைத்தோம். கலை என்று வைத்திருந்தால் கூலியை வெளிப்படையாகக் கொடுத்திருக்க வேண்டும்.

இதற்கு உடனே வரும் மறுப்பு ஒன்று உண்டு. பத்தர் புதிதாக எதையும் யோசிக்கவில்லை, தாத்தா செய்த மாங்காய் மாலையைத்தானே பேரனும் செய்தார் என்பார்கள். சிலப்பதிகாரத்தையே சாட்சிக்கு இழுக்கலாம். கண்ணகியின் சிலம்பும் பாண்டியன் தேவியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் வேறுபடுத்த முடியாதவை. உள்ளே இருந்தது மாணிக்கமா முத்தா என்று உடைத்துப் பார்த்துத்தான் வழக்குத் தீர்ந்தது. புகாரிலும் மதுரையிலும் ஒரே அச்சு என்றால் வடிவமைப்பு எங்கே? நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில் இருந்த பத்தரையும் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த பத்தரையும் ஒன்றாக நிறுத்துவது பிழை. ஊரில் பத்தர் தம் சுற்றுவட்டாரத்துச் சாதிகளின் நகை வழக்கங்களை மட்டும் அறிந்தால் போதும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அவர் படியேறி வந்தவர்கள் எத்தனை விதம் என்று பாருங்கள்.

தாலியை எடுத்துக்கொள்வோம். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராக இருந்த யாழ்ப்பாணத்தாருக்குத் தடித்த பொற்கொடியில் கோத்த தாலிக்கொடி வேண்டும், அதுவும் ஒற்றைப்படைப் பவுனில். அவர்கள் வழக்கத்தில் பொன்னுருக்கு என்பது தனிச் சடங்கு. நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில், உறவினர் சூழ, தாலிக்கான பொன்னை ஆசாரி உருக்க வேண்டும். பட்டறையே வீட்டுக்குப் போகும் நாள் அது. தஞ்சை, திருச்சி, சேலம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பொட்டுத்தாலியும் சிறுதாலியும் குலத்துக்கு ஒரு குறியோடு வேண்டும்: ஒன்றில் பிறை, ஒன்றில் இலிங்கம், ஒன்றில் நாமம். தெலுங்கருக்குக் கிண்ணம் கவிழ்த்தாற்போன்ற இணை வட்டங்கள். மலையாளிகளுக்கு ஆலிலை வடிவம், அவர்களில் கிறிஸ்தவர் என்றால் அதில் சிலுவைப் புள்ளிகள். ஊரில் இவர்கள் ஒவ்வொருவருக்கும் வழக்கமான ஆசாரி வெவ்வேறு ஆளாக இருந்திருப்பார். இங்கே ஒரே பத்தர், ஒரே பட்டறைக்கல், பல மொழிப் பேச்சு. பெண் கொடுத்து எடுக்கும் எல்லைகள் தளர்ந்தபோது சிக்கல் இன்னும் கூடியது. அப்பா வீட்டுத் தாலி ஒரு வகை, மாமனார் வீட்டுத் தாலி வேறு வகை என்றால் குண்டும் காசும் மணியும் எந்த வரிசையில் வரும், எந்தக் கொடியில் தொங்கும் என்பதை யார் தீர்ப்பது? நூலில் எழுதிய விதி கிடையாது. பட்டறையில் தீர்த்தார்கள். இதை வடிவமைப்பு என்று சொல்ல மறுப்பவர்கள் வேறு எதை அப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

தாலி சடங்குப் பொருள், அதில் மாற்ற இடம் குறைவு. மற்ற நகைகளில் இடம் அதிகம். முல்லை அரும்பு, மாங்காய், வெள்ளரி விதை, அன்னம், மயில் என்ற பழைய சரக்கோடு இந்த நாட்டில் கண்டதும் சேர்ந்தது. மலாய்ப் பெண்கள் கெபாயாவை மூடிக் குத்தும் மூன்று கெரோசாங், இடைவாரின் முகப்பான பெண்டிங், சரிகைச் சோங்கெட்டில் வரும் மூங்கில் முளை வரிசை, செம்பருத்தி, சீனர் கடையில் தொங்கும் நாணய வட்டம் எல்லாம் ஒரே தெருவில் கண்ணில் பட்டன. பிரிட்டிஷ் அரசரின் தலை பொறித்த 22 காரட் பவுனே உருக்கக் கச்சாப் பொருளாகவும் உருக்காமல் காது வைத்துத் தொங்கவிட்டால் பதக்கமாகவும் ஆனது. சினிமா வந்தபின் நடிகையின் காதையும் கழுத்தையும் காட்டும் படத்தோடு பட்டறைக்கு வந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. படத்தில் பக்கவாட்டு மட்டும் தெரியும். முகப்பும் கொக்கியும் எப்படி என்று பத்தர்தான் ஊகிக்க வேண்டும். கையில் இருக்கும் பொன்னோ படத்தில் இருப்பதில் கால்வாசி. கால்வாசிப் பொன்னில் அதே தோற்றத்தை வரவழைப்பது நகலெடுக்கும் வேலை ஆகாது.

தோட்டத்துக்கு வந்த முதல் தலைமுறைப் பெண்கள், குறிப்பாகத் தென்மாவட்டத்துக்காரர், வளர்த்த காதில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்திருந்தார்கள். அரக்கு நிரப்பிய பொற்தகட்டால் ஆன உருண்டை, கனசதுரம், முக்கோணக் கூம்பு என்று அதில் பூவும் கொடியும் இல்லாத சுத்தமான கணித உருவங்கள். ஐரோப்பிய நவீன ஓவியர்கள் கனசதுரத்தைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே அதைக் காதில் தொங்கவிட்ட கிழவிகள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். வேடிக்கைக்கு உள்ளே உண்மை இருக்கிறது. உலக அருங்காட்சியகங்கள் இந்தத் தோடுகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மதிக்கின்றன. இங்கே மகள்கள் காது வளர்க்க மறுத்தபோது தாயின் பாம்படம் பட்டறைக்கு வந்தது, உருகியது, சங்கிலியாகத் திரும்பியது. பொன் நகைக்கு நேரும் கதியே இதுதான். ஓலைச்சுவடியைக் கரையான் அரிக்கும். பொன்னைச் சொந்தக்காரரே அழிப்பார். பழைய நகை மாற்று என்ற வழக்கத்தால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் கலையை எடைக்குப் போட்டுவிட்டது. மாற்றும்போது திரும்பக் கிடைப்பது பொன்னின் விலை மட்டும். செய்கூலிக்கும் சேதாரத்துக்கும் மறுமதிப்புப் பூஜ்யம். ஓவியம் பழசானால் விலை ஏறும், நகை பழசானால் கலைப்பங்கு மறைந்துவிடும். பத்தர்கள் ஒரே மாதிரி செய்தார்கள் என்று நாம் நினைப்பதற்கு, மாறுபட்டுச் செய்தவை உருகிப்போனதும் ஒரு காரணம்.

லெபோ அம்பாங் செட்டியார்களைப் பற்றி இங்கே ஒரு சொல். மலாயாவின் பணம் பெருமளவில் அவர்கள் கை வழியே புரண்டது. எனவே உயர்ந்த வேலைப்பாடு அந்தத் தெருவில் நடந்திருக்கும் என்று எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் செட்டியார்களும் அவர்களின் முகவர்களும் குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியாக வந்தவர்கள். மலாயா வட்டியில் விளைந்த கழுத்துருக்கள் செட்டிநாட்டில் செய்யப்பட்டு அங்கேயே கழுத்தேறின. பத்தரை இங்கே வாழவைத்தவர்கள் குடும்பத்தோடு இருந்த எழுத்தரும் இரயில்வேக்காரரும் தோட்டத்துப் பெண்களும்தான்.

இந்தத் தோட்டத்துப் பெண்ணிடமிருந்துதான் என் வாதத்துக்கு வலுவான எதிர்ப்பு வருகிறது. 1920களின் பிற்பகுதியில் நிர்ணயிக்கப்பட்ட கூலி ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் காசில் மிச்சம் பிடித்துக் குண்டுமணி குண்டுமணியாகப் பொன் சேர்த்தவளுக்கு எடைதான் பாதுகாப்பு. வங்கி அவளை உள்ளே விடாது. தோட்டத்தை விட்டுப் போகச் சொன்னால் கையோடு எடுத்துப் போகக்கூடிய ஒரே சொத்து காதிலும் மூக்கிலும் இருப்பது. அவளிடம் போய்க் கலைக்கு இவ்வளவு, வடிவத்துக்கு இவ்வளவு என்று கேட்பது கொள்ளை. எடை விலை என்பது ஏழையை ஏமாற்றுக்காரரிடமிருந்து காத்த முறை, அதைக் குறைசொல்ல என்ன இருக்கிறது? இந்த எதிர்ப்பை ஏற்கிறேன். ஜப்பானியர் ஆட்சியில் அச்சடித்த வாழைமர நோட்டு 1945இல் வெறும் காகிதமானபோது, காதில் கிடந்தது பொன்னாகவே இருந்தது. 1943இல் இந்திய தேசிய இராணுவத்துக்காகச் சுபாஷ் சந்திர போஸ் கேட்டபோது மலாயாத் தமிழ்ப் பெண்கள் கழற்றிக் கொடுத்ததும் நகையைத்தான். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்துப் பெண்ணாக இருந்த ஜானகி, பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், தம் பொற்தோடுகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார். கொடுத்த கணத்தில் தோடு எடையாகிவிடுகிறது. அதன் அழகைப் பற்றி எந்தக் கஜானாவும் கேட்பதில்லை. எடைதான் நகையை நாணயமாக்கியது, நாணயமாக இருந்ததால்தான் அது மானத்தையும் உயிரையும் காத்தது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: அந்தப் பாதுகாப்புக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்தார், அவர் பட்டறையில் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு எதிர்நிலை உதாரணம் கோலாலம்பூரிலேயே, பத்தர்கள் வந்து சேர்ந்த பத்தாண்டுகளில் இருக்கிறது. தெற்குச் சீனத்தின் சாந்தோ பகுதியிலிருந்து யோங் கூன் என்ற கைவினைஞர் 1885இல் கோலாலம்பூர் வந்து ஈயக் கலவையில் ஊதுபத்திக் குவளையும் தேநீர்க் கெண்டியும் அடித்து விற்றார். அந்தப் பட்டறைதான் இன்றைய ராயல் சிலாங்கூர். நிறுவனர் பெயரும் மகன்கள் பெயரும் ஊரறிந்தவை. பிற்காலத்தில் ஜெரால்ட் பென்னி போன்ற ஆங்கில வெள்ளிக் கலைஞரை அழைத்து, அவர் பெயரைச் சொல்லியே பொருள் விற்றார்கள். யோங் கூன் தமிழ்ப் பத்தரைவிடத் திறமைசாலி என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. அவர் எடுத்த உலோகம் மலிவு, அவ்வளவுதான். ஈயக் குவளையை யாரும் எடை போட்டு வாங்குவதில்லை, அவசரத்துக்கு அடகு வைப்பதும் இல்லை. விலையில் பெரும்பங்கு வேலைக்கும் உருவத்துக்கும் என்பதால் உருவம் கொடுத்தவர் பெயருக்குச் சந்தையில் மதிப்பு வந்தது. பாரிஸில் 1900ஆம் ஆண்டுக் கண்காட்சியில் பெரும்புகழ் பெற்ற ரெனே லாலிக், மாட்டுக்கொம்பையும் கண்ணாடியையும் எனாமலையும் நகைக்குள் கொண்டுவந்தவர் என்பதும் இதே கதையின் ஐரோப்பிய அத்தியாயம். பொருளின் விலை தாழும்போது ஆளின் பெயர் எழுகிறது.

கார்த்தியே (Cartier) என்ற பிரெஞ்சு நகை நிறுவனம் பொன்னும் வைரமும் வைத்துத்தானே பெயர் எடுத்தது என்று கேட்கலாம். எடுத்தது, ஆனால் கார்த்தியே கடையில் கிராம் கணக்கு இல்லை. நகைக்கு முழுதாக ஒரு விலை; உள்ளே பொன் எவ்வளவு என்பது வாங்குபவரின் முதல் கேள்வியாக இருக்காது. அங்கும் பெயர் ஒரு நாளில் வந்துவிடவில்லை. இங்கிலாந்தில் 1363ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பொற்கொல்லரும் தமக்கென ஒரு முத்திரை வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. கலப்படம் செய்தவரைப் பிடிக்கப் போட்ட சட்டம் அது. பிடிப்பதற்காக வைத்த முத்திரை பல நூற்றாண்டுகள் கழித்துப் பெருமைக்குரிய கையொப்பமாகிவிட்டது. நம்மிடம் முத்திரை கடைக்குப் போனது. கடைப் பெயரின் எழுத்துகளும் மாற்றைச் சொல்லும் 916 என்ற எண்ணும் நகையின் கொக்கியில் இருக்கும். செய்த பத்தர் கடை முதலாளியாகவே இருந்தால் அவருக்கு அதில் பங்கு; பின்கட்டில் கூலிக்கு உட்கார்ந்தவர் என்றால் இல்லை.

விடுதலைக்குச் சற்று முன்னும் பின்னும் நடந்தவை இந்தப் பின்கட்டை மெல்லக் காலி செய்தன. 1953இல் குடிநுழைவு விதிகள் இறுகின. 1968இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர் அனுமதிச் சீட்டு இல்லாமல் வேலை பார்க்க முடியாமல் போனது. 1969க்குப் பின் அது கடுமையாக அமலானபோது பல்லாயிரம் இந்தியர் ஊர் திரும்பினர். சொந்தக்காரப் பையனை அழைத்து வந்து குமுட்டி அடுப்பைப் பற்றவைப்பதில் தொடங்கித் தொழில் பழக்கும் சங்கிலி அதோடு அறுந்தது. இங்கே பிறந்த பிள்ளைகளோ பள்ளிக்கூடம் போனார்கள். கண்ணும் முதுகும் தேயும் வேலைக்குத் திரும்ப எந்த அப்பாவும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தாதது சரியும்கூட. இன்னொரு பக்கம், 1971வரை அவுன்ஸ் 35 டாலர் என்று கட்டிவைத்திருந்த பொன்விலை அவிழ்ந்து, 1980 ஜனவரியில் 850 டாலரைத் தொட்டு, 2025 அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. 35 டாலர் காலத்தில் ஒரு கிராம் பொன் ஒரு டாலருக்குச் சற்று மேல். 2025 அக்டோபரில் சுமார் 130 டாலர். பொன் இப்படி ஏறும்போது விலைச்சீட்டில் கூலியின் பங்கு சுருங்குகிறது, வாங்குபவர் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய ஒரே வரியாகவும் அதுவே நிற்கிறது.

மாற்றுத் தரமும் கைவேலைக்கு எதிராகத் திரும்பியது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பற்றுப்பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால், ஒட்டுகள் நிறைந்த கைவேலை நகையை மொத்தமாக உருக்கினால் மாற்று 916க்குக் கீழே இறங்கும். எத்தனை நுணுக்கமான வேலையோ அத்தனை ஒட்டு, அத்தனை இறக்கம். அச்சில் வார்த்த நகைக்கு இந்தத் தொல்லை குறைவு. மாற்றுக் குறையாமல் ஒட்டுவதற்குக் காட்மியம் கலந்த பொடி வந்து, தமிழ்நாட்டில் கேடிஎம் என்ற பெயரில் விளம்பரமானது. ஊதுகிற பத்தரின் நுரையீரலை அரிக்கும் நச்சுப்புகை அதன் மறுபக்கம். வாங்குபவரைக் காக்க வந்த ஒவ்வொரு முறையும், தேவையானதாகவே இருந்தாலும், பட்டறையின் மேல் ஒரு சுமையை வைத்துவிட்டுத்தான் போனது.

அரசின் கண்ணிலும் பொற்கொல்லர் கலைஞராகப் பதியவில்லை. கிளந்தான் வெள்ளியும் பாத்தேக்கும் சோங்கெட்டும் 1979இல் அமைந்த கைவினை மேம்பாட்டுக் கழகத்தின் பேச்சில் இடம்பெறும். தமிழ்ப் பத்தர் செய்தியில் வருவது பெரும்பாலும் ஆள்பற்றாக்குறைப் பட்டியலில், முடிதிருத்துவோரோடும் துணிக்கடையோடும் சேர்ந்து. இந்த மூன்று துறைகளுக்கும் 2009இல் அந்நியத் தொழிலாளர் சேர்க்கை நிறுத்தப்பட்டது. இந்திய வணிகர் சங்கங்கள் பல ஆண்டுகள் முறையிட்டபின் 2023இல் 7,500 பேருக்கு ஒப்புதல் வந்தது. வாழ்வாதாரப் பிரச்சினையாக அது மெய்யானது. ஆனால் ஒரு கலை அழிகிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஆள் போதவில்லை என்று மட்டும் நாமே சொல்லிப் பழகிவிட்டோம்.

நூலிலும் சுடுமண்ணிலும் பித்தளையிலும் வேலை செய்யும் இன்றைய வடிவமைப்பாளர்கள் பத்தர்களின் வாரிசுகளா? பெரும்பாலும் இல்லை. பட்டறை விசுவகர்ம ஆண்களின் இடமாக இருந்தது. வெளிச்சாதியாருக்கும் பெண்களுக்கும் அங்கே பாய் விரிக்கவில்லை. இன்றைய பெண் அந்தக் கதவைத் தட்டாமல், மூசையும் ஊதுகுழலும் வேண்டாத பொருள்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் தனிக்கடை போட்டார். பத்தர் பரம்பரையின் மூடிய கதவுக்கும் இந்தக் கதையில் பொறுப்பு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. இவருக்குப் பெயர் கிடைத்ததில் திறமைக்கு உள்ள பங்கை மறுக்கவில்லை. ஆனால் பட்டுநூலை யாரும் எடை போடுவதில்லை என்பதற்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஒரு ஜோடி ஜிமிக்கி இத்தனை ரிங்கிட் என்றால் அந்த விலையில் முக்கால்வாசி அவர் கையும் கண்ணும். பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு நாகர்கோவில் வடசேரியிலிருந்து வரும் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்று ஊர்ப் பெயரோடு விற்பதற்கும் இதுவே அடிப்படை: சிவப்புக் கல்லும் பொன் பூசிய வெள்ளியும் கொண்ட அந்த நகையை ஒரு செட் என்று விலைபேசி வாங்குகிறார்கள், கிராம் கணக்கில் அல்ல.

இதே வடிவமைப்பாளர் நாளை பொன்னில் செய்யத் துணிந்தால் என்ன நடக்கும் என்று பார்த்தால் வாதத்தின் சோதனை முடிந்துவிடும். வாடிக்கையாளர் முதலில் கேட்பது எத்தனை கிராம் என்று, இரண்டாவதாகக் கேட்பது திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு என்று. பெரிய கடைகளோ பண்டிகைக் காலத்தில் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று கொட்டை எழுத்தில் விளம்பரம் தருகின்றன. செய்தவருக்குக் கூலி இல்லை என்பதை நல்ல செய்தியாக அறிவிக்கிற வேறு தொழில் எனக்குத் தெரிந்து இல்லை. அந்த விளம்பரத்துக்கு அடியில், கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் தாலி மட்டும் இன்னும் ஆர்டர் கொடுத்துச் செய்யப்படுகிறது. குலக்குறி பார்த்து, நாள் பார்த்து, ஒரே ஒரு கழுத்துக்காகச் செய்கிற அந்தப் பொருளுக்குச் செய்கூலியைப் பற்றி யாரும் பேரம் பேசுவதில்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கிறார்கள்.